நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் உறையும் கிடங்கில்
வெள்ளி அதிகாலை இரண்டிலிருந்து நான்குவரை
நெட்வொர்க்கை நிறுத்திக்கொள்ள அனுமதி.
கையெழுத்து: சாலிம், இரவுப் பொறுப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
கேமரா திக்குகிறது என்பதுபோல் ஏதோ அரபியில்.

திக்கத்தான் செய்தன, முப்பத்தொன்றும்.
லாரி நுழைவதைக் காட்டாமல்
நுழைந்துபோன லாரியைக் காட்டின.
அத்தனையும் ஒரே இழையில் நெரிந்தால்
வேறென்ன ஆகும்.

இரண்டாவது ஃபைபரை நேற்றே இழுத்துவிட்டோம்.
இந்தக் கோடியில் என் சுவிட்ச்.
நானூறு மீட்டர் தள்ளி, வாயிற்கூடத்தில்,
கஸ்பாரின் சுவிட்ச்.
கஸ்பார் உவரிக்காரன்.
பதினோரு நாளாக அவனும் நானும் பேசுவதில்லை.
பன்னிரண்டு ரியால்.
அதோடு போயிருந்தால் பரவாயில்லை,
ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது.

சுவிட்ச் அறையில் பதினெட்டு டிகிரி.
வெளியே ஜூலை:
ஒருமுறை எட்டிப் பார்த்ததற்கே
மூக்குக்கண்ணாடியில் பால் படிந்தது.
துடைத்துக்கொண்டு உள்ளே வந்து செருகினேன்.
கிளிக்.

நாற்பத்தெட்டில் மஞ்சள்.
அதில் தப்பில்லை.
இரண்டு வழியும் திறந்தால்
போன செய்தியே சுற்றிச் சுற்றி வந்து
கிடங்கை மூழ்கடிக்கும் என்று
ஒன்றை அடைத்துப் பிடித்திருக்கிறது.
பயந்த பெட்டி; பயத்தில் நியாயமுண்டு.
இது இரண்டல்ல, ஒன்று என்று
நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்,
இரு கோடியிலும் சொல்ல வேண்டும்.

சொன்னேன்.
நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் ஒரே குழு,
குழு எண் ஐந்து.
அவனும் அங்கே தட்டி முடித்து
வாட்ஸ்அப்பில் 'டன்' என்று போட்டான்,
எனக்கல்ல, எல்லோருக்குமாக.
நானும் எல்லோருக்குமாக ஒரு கட்டைவிரல்.

குழு எழவில்லை.

வேகம் பார்த்தேன், சரி.
விலான் பட்டியல், வரிக்கு வரி சரி.
ஃபைபரைக் கழற்றி, நுனி துடைத்து, மாட்டினேன்.
இரண்டு முப்பத்தைந்து.
அவன்தான் சொதப்பியிருப்பான்.
நான்தான் சொதப்பியிருப்பேன் என்று
அங்கே அவன் நினைத்திருப்பான், சந்தேகமே இல்லை.
இரண்டு நாற்பத்தெட்டு.
கடைசியாகத்தான் எண்ணிக்கையைத் திறந்தேன்.
அனுப்பியவை: பூஜ்யம்.
பெற்றவை: பூஜ்யம்.

என் பக்கம் 'பாஸிவ்'.
அழைத்தால் பதில் சொல்லும், தானாக அழைக்காது.
அவன் பக்கமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
இழையில் குறையில்லை,
வெளிச்சம் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது,
இரண்டு பெட்டியும் கொட்டக் கொட்ட விழித்தபடி
ஒன்றின் வாயை ஒன்று பார்த்துக்கொண்டு.

சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

ஒரு சொல்லை அழித்துவிட்டு
'ஆக்டிவ்' என்று அடித்தேன்.
மூன்று நொடி இருக்கும்.
மஞ்சள் போய்ப் பச்சை.

வாக்கிடாக்கி கரகரத்தது.
"யாரு மாத்தினா?"
"நான்தான்."
"ம்."
கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும்.
"நானும் பாஸிவ்லதான் வச்சிருந்தேன்."
"தெரியும்."

சோதனைக்கு நாற்பத்தேழைப் பிடுங்கச் சொன்னேன்.
ஒரு பிங் தவறியது, ஒன்றே ஒன்று.
முப்பத்தொரு படமும் நிற்கவில்லை.

சாலிம் வந்து, பெரிய கோப்பொன்றை நகலெடுத்துப் பார்த்து
"கம்பி இரண்டு. வேகம் ஏன் இரண்டு மடங்கில்லை?" என்றார்.
ஒரு பேச்சு ஒரு கம்பியில்தான் போகும், உஸ்தாத்,
நடுவில் மாற்றிவிட்டால் பின்சொல் முந்திவிடும்.
மற்றது அடுத்தவர் பேச்சுக்கு.
தலையாட்டினார், நம்பாமல்.

நான்கரைக்கு, கரக் டீ தரும் ஜன்னலில்,
கஸ்பார் எனக்கு முன்னால் நின்றான்.
அவன் டீக்கு அவன் காசு.
திரும்பாமலே கேட்டான்:
"லேபிள் ஒட்டணும். குழு அஞ்சா, ஆறா?"
"அஞ்சு."
காகிதக் கோப்பையை ஊதினான்.
அந்தப் பன்னிரண்டை அவன் எடுக்கவில்லை.
தர வேண்டியவன் நான்.
சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்,
இருபது ரியால் தாள் ஒன்று.
ஜன்னல்காரனிடம் சில்லறை இருக்குமா என்று கேட்க
வாயெடுத்தேன்.