கழிவு: தே ஒன்று

முதல் செய்தியில் ஒரு சிரிப்பு முகம் வைத்தேன்.
இரண்டாவதில் சிரிப்பை எடுத்துவிட்டேன்.
மூன்றாவதில் "அண்ணே" மட்டும்,
அதன் பின்னால் மூன்று புள்ளி.

எல்லாவற்றுக்கும் இரண்டு நீலக் குறி.
பார்த்துவிட்டார்.
பதினொரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

கோலாலம்பூர் ஆள் என்றால்
மீட்டிங், வெளியூர், காய்ச்சல் என்று
எதையாவது நம்பிக்கொண்டு தூங்கலாம்.
பகாவில் அதற்கு வழியில்லை.
பூபாலன் அண்ணனின் ஹைலக்ஸ்
காலை ஏழே காலுக்கு வான்தான் மீ கடை முன்னால்,
பத்து மணிக்குச் செம்பனை ஆலையின் எடைமேடையில்,
வெள்ளிக்கிழமை கோயில் வாசலில்
செருப்புகளை ஒட்டி.
அவர் கைப்பேசி மட்டும்
லைன் கிடைக்காத காட்டில் இருக்கிறது.

"டிசைன பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றிருந்தார்.
சொன்னது லோரி.
நேற்று சந்தை முனையில், சிவப்பு விளக்கில்,
என் மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து நின்றது
பழக்குலை ஏற்றிக்கொண்டு.
கதவில் நான் வரைந்த கழுகு.
அதன் நெஞ்சுக்குக் குறுக்கே,
யாரும் எடுத்துவிடக்கூடாதென்று நான் போட்டுவைத்த
சாம்பல் நிற எழுத்தையும்
பெயிண்டர் விடவில்லை.
சாய்வுகூடப் பிசகாமல்
மாதிரி மாதிரி மாதிரி.

சிரித்தேன். விளக்கு பச்சையாகி
பின்னால் ஹாரன் அடித்தும் சிரித்தேன்.
ரயில்வே கேட் தாண்டும்போதுதான்
கணினித் தவணை நினைவுக்கு வந்தது,
மாதம் நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.

இன்று கோப்பிக் கடையில் என் மேசையைக் கடந்தார்.
"மழை வரும்போல" என்றார்,
என்னிடமில்லை, வானத்திடம்.
நான் எழுந்து காசு கொடுக்கப் போனால்
"அந்த அண்ணன் கட்டிட்டாரு" என்கிறார் கடைக்காரர்.
வெளியே ஹைலக்ஸ்
அதற்குள் ரிவர்சில் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பில்லைத் திருத்தினேன்.

லோகோ, மூன்று திருத்தங்களுடன் 850.00
கழிவு: தே தாரிக் ஒன்று 2.20
மீதி 847.80

நன்றி என்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதி அனுப்பினேன்.

ஒரு குறி. இரண்டு. நீலம்.
எழுதுகிறார் என்று வந்தது.
நின்றது.
ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு லோரி போனது,
எட்டிப் பார்க்கவில்லை.
மறுபடி எழுதுகிறார்.

இவ்வளவு நேரம் எழுத
அப்படி என்ன அண்ணே இருக்கிறது,
ஒரே ஒரு தேதிதானே.