பட்டிப்பொல வாயில்

போத்தலைக் கொடுங்கள்.
தண்ணீர் உங்களுக்குத்தான்.
எனக்கு வேண்டியது அதன் இடுப்பைச் சுற்றிய தாள்.
ஒரு கீறல், ஒரு இழுப்பு.
கொழுந்து கிள்ளிப் பழகிய நகம் இது,
பதினொரு வருசக் கறை இன்னும் போகவில்லை.

ஆறு மணிக்குக் கதவு திறப்போம்.
அதற்கு முன்பே வரிசையில் வேன்கள்,
கம்பளிக்குள் சுருண்ட கொழும்புக்காரர்கள்,
புதுத்தொப்பி போட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்.
தை மாதம் என்றால் புல்லெல்லாம்
உப்புத் தூவியதுபோல் உறைபனி.
பிஸ்கட் உறை, பாண் சுற்றிய பொலித்தீன்,
எல்லாம் இந்தப் பெட்டிக்குள்.
முகம் சுளிப்பார்கள்.
ஒருவர் கேட்டார்:
"காட்டுக்கு இது தெரியவா போகுது?"

வைகாசியில் ஒரு பெண் மரை
ஓடைக்கரையில் கால் மடங்கிக் கிடந்தது.
மிருக வைத்தியர் நிலந்தி வயிற்றைத் திறக்க
நான் டோர்ச் பிடித்தேன்.
அரைபட்ட புல்லுக்கு நடுவே
தேங்காய் அளவில் ஒரு உருண்டை.
குழாயடியில் அலசி அலசிப் பிரித்தோம்.
பை. பை. இன்னொரு பை. சணல் கயிறு.
கடைசியில் ஒரு போத்தல் தாள்,
எழுத்துக்கூட அழியாமல்,
மூன்று மொழியிலும்: தூய மலை நீர்.

எந்தக் காலையில் தப்பியது அது?
என் முறையிலா, தவச்செல்வன் முறையிலா?
தோட்டத்தில் என்றால் கிராம் கணக்கு,
தராசடியில் கழித்த கழிவுக்கும் கணக்கு.
இங்கே ஆட்களை எண்ணுகிறோம்,
வாகனங்களை எண்ணுகிறோம்.
உரித்ததை யாரும் எண்ணுவதில்லை,
உரிக்காததை எப்படி எண்ணுவது?

தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது
என்றுதான் வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.
இல்லை.
காடு வெட்டி முடிந்த இடம்வரைதான் தேயிலை.
மிச்சம் இதோ:
தோளுக்கு மேல் வளர மனமில்லாத மரங்கள்,
கிளைதோறும் பாசித்தாடி,
மழை பெய்யாத நாளிலும்
இலைகளிலிருந்து சொட்டும் மேகம்.
எங்கள் லயத்துக் குழாயில் வருவது
அந்தச் சொட்டுத்தான்.

இது குறிஞ்சி பூத்த வருசம்.
போன பூப்பின்போது எனக்குப் பத்தொன்பது,
பிரட்டுக்களத்தில் நின்றேன்,
நாலு மைலில் இருந்தும் பார்க்கவில்லை.
இப்போது விதை உதிர்கிறது.
அதைத் தின்ற காட்டுக்கோழிகள்
சம்பள நாள் இரவில் வீடு திரும்பும் ஆண்கள்போல்
பாதை நடுவே தள்ளாடுகின்றன.
நிலந்தி சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

அந்தத் தாள் என் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நேற்று மாலை, கடைசி வேன் போனபின்
மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மரைக்கன்று வந்தது.
பாண் கேட்டு நீட்டிய கழுத்து.
எவரோ பழக்கிய கழுத்து.
என் சட்டைப்பையில் மூக்கை வைத்தது,
சூடான மூச்சு.

போ என்றேன்.
சிங்களத்திலும் சொன்னேன்.
ஒரு கல்லெடுத்து எறிந்தேன்,
பக்கத்தில் விழட்டும் என்றுதான்.

அது ஒரு காதை மட்டும்
கல் விழுந்த பக்கம் திருப்பியது.