கண்களுக்கு நடுவே உள்ள அகலம்

திரு. ஷிமெச்செக்,
சாவி கீழ்ப்பூட்டுக்கு மட்டும்.
மேல்பூட்டு நான் குடிவந்த நாளிலிருந்தே வேலை செய்வதில்லை.

பாலுக்குப் பக்கத்து டப்பாவைத் திறந்து அலறாதீர்கள்.
தவிட்டுக்குள் மாவுப்புழுக்கள்.
செத்தவை அல்ல, குளிரில் கிடக்கின்றன.
உள்ளங்கையில் நான்கை வைத்துக்கொண்டு
ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் காத்திருந்தால்
ஒவ்வொன்றாக நினைவு வரும்
தாம் யாரென்று.

சுவர்க்கோழிகள் குளியலறையில்.
ஆம், அவைதான்.
நவம்பரில் குடியிருப்போர் கூட்டத்தில்
நீங்கள் எழுந்து நின்று சொன்ன
அந்த ஓசை.
அன்று நான் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தேன்,
இல்லாவிட்டால் நானும் எழுந்து நின்றிருப்பேன்.
ஆண் மட்டுமே கூவும், இறக்கையோடு இறக்கை உரசி.
குளிர்ந்தால் நிறுத்திவிடும்.
ஆகவே தூக்கம் வராத ராத்திரியில்
சூட்டு விளக்கை அணைக்கத் தோன்றும் உங்களுக்கு.
வேண்டாம்.

முட்டை அட்டைகளின் பள்ளங்களில் கூடி நிற்கும்,
காலை ஐந்தரைக்கு விட்கோவிட்ஸே நிறுத்தத்தில்
ஆட்கள் நிற்பதுபோல
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்.
கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும்.
நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும்.
கேரட், சர்க்கரைவள்ளிச் சீவல்,
அழுகுமுன் மாற்றுங்கள்.

நாளை சாகப்போவதற்கு இன்றைக்கு என்ன விருந்து என்பீர்கள்.
அது தின்றதுதான்
க்னெட்லிக்குக்கு எலும்பு.
வயிறு காய்ந்த பூச்சி வெறும் உமி.
முதல் வருடம் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ரப்பர்போல வளைந்தது அவன் தாடை,
இடப்பக்கம் இன்றும் கோணல்.
பார்த்துவிட்டு
நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஊறுகாய்ப் புட்டியில் ஒரு சிட்டிகை கால்சியம் பொடி,
ஐந்து சுவர்க்கோழி, மூடி, மெல்ல ஒரு குலுக்கல்.
ரொட்டிக் கடைக்காரர்கள்போல வெள்ளையாக வெளியே வந்து
உடனே முகம் துடைக்கத் தொடங்கிவிடும்.
சீக்கிரம் போடுங்கள்.

எந்த அளவுப் பூச்சி என்றால்
அவன் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலம்.
அதற்கு மேல் வேண்டாம், எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும்.
அளக்க வேண்டுமானால்
குனிந்து நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும்.
இந்த ஜாதிப் பல்லிக்கு இமை உண்டு. இமைப்பான்.
நான் அப்படிக் குனிய எட்டு மாதம் ஆயிற்று.
அதுவரை அது
ரஸ்தியா ராட்டர்டாமுக்குப் போகும்போது
எடுத்துப்போகாத சாமான்களில் ஒன்று.

மிச்சம் விட்டதை எண்ணி வெளியே எடுத்துவிடுங்கள்.
பசித்த சுவர்க்கோழி
அவன் விரல்களைக் கடிக்கும்.
எது எதற்கு இரை என்று
அவை படித்ததில்லை.

ரஸ்தியாவின் எண் இந்தத் தாளின் பின்புறம்.
பல்லிக்கு ஏதாவதென்றால் கூப்பிடுங்கள்.
எனக்கு ஏதாவதென்றால்
மருத்துவமனையே கூப்பிடும்.

கொதிகலன்மேல் ஒரு டப்பாவில்
ஈரமான தேங்காய்நார்த் தூள்.
உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும்.
பதினாறாம் தேதி வாக்கில் பொரியும்,
எனக்குப் பதினான்காம் தேதி.
எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி அளவு,
நூற்றுக்கணக்கில்.
மூடியைத் திறக்கையில் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்,
ஊதினால் போய்விடும்.
வளர்ந்து கூவ ஆறேழு வாரம் ஆகும்,
புகார் எழுத உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இன்னொன்று.
அன்று கூட்டத்தில் சொன்னீர்களாம்,
மனைவி இருந்தவரை
இந்த ஓசை உங்கள் வீட்டில் கேட்டதே இல்லை என்று.
அப்போதும் இருந்தன இவை.
ஐந்து வருடமாக இருக்கின்றன.

கேரட்டுக்குப் பணம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில்.

ஹெட்விகா
ஏழாம் மாடி