வில்லை

பித்தளை. ஒரு யூரோ நாணய அகலம்.
நடுவில் துளை:
தையலூசி நுழையும், சாக்குத் தைக்கும் ஊசி நுழையாது.
மீட்டருக்கும் குழாய்க்கும் இடையில் வைத்துத் திருகிவிட்டால்
வீட்டுக்குள் தண்ணீர் வரும்,
வந்தது என்றும் சொல்ல முடியாது.
மைசூர்ப் பருப்புக்கு இவர்கள் பாஷையில் என்ன பெயரோ
அதே பெயர்தான் இதற்கும்.
தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பேன்.
"இன்றைக்கு எத்தனை பருப்பு?" என்பான் ழெரோம்
மதியம் வண்டிக்குள் ரொட்டியைக் கடித்தபடி.
நாலு என்பேன். சில நாள் ஏழு.

முழுதாய் அடைப்பதில்லையே நாம் என்று
பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டோம்.

ரூபே. மூடிய நூலாலைக்குப் பின்னால்
செங்கல் சந்து, பதினேழாம் இலக்கம்.
மதாம் வெர்காம்ப்.
முன்னூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சதம்.
மூன்று கடிதங்கள், கடைசியில் சிவப்பு மை.
கதவைத் திறந்தவள் கெஞ்சவில்லை, திட்டவுமில்லை.
"காலைத் துடைத்துவிட்டு வாருங்கள்,
இப்போதுதான் தரை கழுவினேன்."
துடைத்தேன்.
நிலவறைக்கு இறங்கினேன்.
ஆறு நிமிட வேலை.

பிறகு சட்டம் வந்தது:
குடியிருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்தாதே,
கோடையோ பனியோ.
குறைப்பதும் குற்றமே என்று நீதிமன்றம் சொல்ல
இன்னும் கொஞ்சக் காலம் பிடித்தது.
அந்தக் கொஞ்சக் காலமும்
என் தீப்பெட்டி கிலுங்கிக்கொண்டுதான் இருந்தது.
மேலிருந்து தாள் வந்தது, போட்டேன்.
மேலிருந்து தாள் வந்தது, கழற்றப் போனேன்.

பதினாலு மாதத்துக்குப் பிறகு அதே கதவு.
சமையல் மேசையில் நகரசபையிலிருந்து வந்த பெண்,
செலியா, நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
பாதியை உதவி நிதி கட்டும்,
மீதி மாதம் பதினைந்து யூரோ,
இங்கே ஒரு கையெழுத்து, இங்கே இன்னொன்று.
முதல் கடிதத்துக்கே எங்களிடம் வந்திருக்கலாமே, மதாம்?
வந்தேன், என்றாள் வெர்காம்ப்.
அன்றைக்கு உங்கள் அலுவலகம் பூட்டியிருந்தது.

குழாயடிச் சுவரில் பென்சில் எழுத்து.
பெரிய பானை: பதினொரு நிமிடம்.
கெட்டில்: நாலு.
தலை: ஞாயிறு.
அதற்குக் கீழே எதையோ எழுதி அழித்திருந்தாள்.

எங்கள் பேச்சில் ஒன்று உண்டு.
கடன்காரன் கடன் கொடுத்தவனுக்குத்
தண்ணி காட்டுவான் என்று.
இங்கே அது தலைகீழ்.
பதினாலு மாதம் இவளுக்கு
நான்தான் தண்ணி காட்டியிருக்கிறேன்.

கழற்றிவிட்டு மேலே வந்து
"திறந்து பாருங்கள்" என்றேன்.
குழாய் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது,
பிறகு வெடித்தது.
மேசைத் தாள்வரை தெறித்தது. செலியா சிரித்தாள்.
மதாம் வெர்காம்ப் சிரிக்கவில்லை.
பாய்ந்து மூடினாள்.
மறுபடி திறந்தாள், மெல்ல,
நூல் தடிமனுக்கு,
அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை.
பானையைக் கீழே வைத்துவிட்டுச்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மதாம், இனி முழுதாகத் திறக்கலாம்."
"தெரியும்" என்றாள்.
பதினொரு நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.
நானும்.

டிப்போவில் எண்ணியபோது ஒரு வில்லை குறைந்தது.
"விடு, பருப்புத்தானே" என்றான் ழெரோம்.
அது என் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டில் இவள் குழாயை முழுதாய்த் திறந்துவிட்டு
மைசூர்ப் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள்.
முதல் தண்ணி கலங்கல், இரண்டாம் தண்ணியும்.
"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?"
ஒன்றுமில்லை என்றேன்.
இன்னொரு தரம் களை.