ஆடிக் காற்றில் ஒரு கசிவு

ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் பட்டறை நடத்துகிறவனுக்கு
முதல் எதிரி துரு இல்லை, காற்று.
தகரக் கூரையின் நான்கு மூலையையும்
சிமென்ட் வார்த்த டிரம்மில் கட்டியிருக்கிறேன்.
பில் புத்தகத்தின் மேல் எப்போதும் ஒரு பழைய பிஸ்டன் கிடக்கும்.

பன்னிரண்டு சக்கர வண்டி. தூத்துக்குடி உப்பு.
ஓட்டி வந்தவர் கொம்பையா.
"ரெண்டு முள்ளும் சேந்து எறங்குது.
வள்ளியூர்ல ஒருத்தன் வால்வு ஸ்க்ரூவத் திருகி விட்டான்,
பணகுடி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த ஸ்க்ரூவில் கம்பெனி மஞ்சள் பெயின்ட் பூசி அனுப்புவது
யாரும் தொடாமல் இருக்கத்தான்.
தொட்டவன் நகத்தில் மஞ்சள் இருந்திருக்கும்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம்.
டேங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான் அபிஷ்.
கடைசி டேங்கில் காற்றோடு வந்தது
பால் குறைந்த காபி நிறத்தில் தண்ணீர்.
"டிரையர் ஃபில்டர் எப்ப மாத்தினிய?"
கொம்பையா காற்றாலைகளைப் பார்த்தார்.

கழற்றிய வால்வு உரித்த தேங்காய் அளவு, கனம் அதிகம்.
காற்று உள்ளே வர ஒரு வாசல்.
வெளியே போக நான்கு:
முன் பிரேக், பின் பிரேக், நிறுத்திப் போடும் பிரேக்,
ஹார்ன் போன்ற சில்லறைக்கு ஒன்று.
ஒரே முற்றத்தில் நாலு குடித்தனம்.
ஒன்றில் ஓட்டை விழுந்தால்
அந்தக் கதவை மட்டும் சாத்திவிட்டு மற்ற மூன்றைக் காக்கும்.
இரக்கம் என்று எதுவும் கிடையாது அதற்கு.

இதில் ரப்பர் விறைத்திருந்தது,
விரலில் அப்பளமாக விண்டது.
சாத்தவேண்டிய கதவு எத்தனை நாளாகவோ பாதியில் நின்றிருக்கிறது.

டூப்ளிகேட் உண்டா என்று கேட்டார், பாதி விலைக்கு.
போகிற வழியை மட்டும் சொன்னேன்:
தோவாளை, நாகர்கோவில், தக்கலை,
பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் மார்த்தாண்டம்.
பிறகு கேட்கவில்லை.

புதிதைப் பூட்டி எஞ்சினை ஓட்டினோம்.
இரண்டு முள்ளும் எட்டுக்கு ஏறின. அணைத்தோம்.
இரண்டும் சேர்ந்து ஆறு வரை இறங்கின.
அங்கே பின் முள் நின்றுவிட்டது.
முன் முள் ஐந்து, நாலு, மூன்று...
அதாவது, புது வால்வு வேலை செய்கிறது.
அதாவது, ஓட்டை வேறெங்கோ.

சோப்பு நுரை தடவினால் காற்று நுரையைத் தின்றது.
காது கொடுத்தால் கணவாய் முழுக்க ஒரே கசிவு.
கடைசியில் உப்பு மூட்டைகளின் தார்ப்பாயை இழுத்து
வண்டிக்கு அடியில் என்னை மூடச் சொன்னேன்.
ஓரங்களில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

வெளியே மலையைத் தள்ளுகிற காற்று.
உள்ளே, சேஸிஸ் இருட்டில்,
மூடிவைத்த சட்டியில் மீன் பொரிவது மாதிரி
ஒரு சின்னக் காற்று.
அதைக் காதால் பிடித்துக்கொண்டு
முதுகால் நகர்ந்தேன்.

முன் பிரேக் டேங்கிலிருந்து ஒரு நீலக் குழாய்.
கம்பெனி போடாதது. டேப் சுற்றியது.
கேபின் உச்சியில் ஐந்து குழல் பாட்டு ஹார்னுக்குப் போகிறது.

"யாரு இத பிரேக் டேங்குல குத்தினது?"
"மச்சினன். வேலாண்டி. அப்ப கிளீனரா இருந்தான்.
கைக்கு எட்டுன டேங்குல குத்திட்டான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"இப்ப பேச்சுவார்த்த இல்ல. கெணத்துப் பங்குல தகராறு."

கழட்டிரவா என்று கேட்டு முடிக்கவில்லை.
"வேண்டாம். கெடக்கட்டும்."

நாலாவது வாசலுக்கு மாற்றிக் கொடுத்தேன்.
இனி உடைந்தால்
பாட்டு மட்டும் நின்றுபோகும்.
வண்டி, நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும்.

எட்டில் முட்களை விட்டுவிட்டுச் சாயா குடித்தோம்.
கிளாசைக் கழுவி வைத்த பிறகும் எட்டு.
பில்லில் வால்வு எழுதினேன், ஃபில்டர் எழுதினேன்.
ஹார்ன் குழாய் மாற்றியது என்று எழுதி
எவ்வளவு போடுவதென்று தெரியாமல்
வெறுமனே விட்டேன்.
அவர் அதைப் பார்க்காமல், மற்றதில் இருநூறு குறைக்கச் சொன்னார்.

தோவாளைப் பக்கமிருந்து வீசுகிற காற்று
அங்கே அடித்த ஹார்னை இங்கே கொண்டுவரும்.
கொண்டுவந்தது, ஒரே ஒரு தடவை.
ஐந்து குழலில் மூன்றாவது கொஞ்சம் பிசிறடித்தது.
அது என் வேலை இல்லை.