இரண்டு சத்தம்

எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
விரல் நீள ஷாக் அப்சார்பர்கள், நான்கு.
முட்டை அட்டையின் குழிகளில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.
தண்டை மெல்ல இறக்கி மெல்ல ஏற்ற,
பிஸ்டன் துளை வழியே
கடுகளவு குமிழிகள் கிளம்பி வருகின்றன.
அவசரப்பட்டு மூடினால்
ஒன்று உள்ளேயே தங்கிவிடும்.
வண்டி தரையிறங்கும்வரை
யாருக்கும் தெரியாது.

சாஸ்கட்டூன், மூன்றாம் மாடி, இரவு பதினொன்று.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தாறு.
ரிமோட் டிரக்கை முழங்கால் உயரம் தூக்கிக்
கையை விடுகிறேன்.

டொம். டப்.

இரண்டு சத்தம் வரக் கூடாது.
விழுந்தவுடன் எழுந்துவிடு என்று
காப்பிக் கோப்பையில்கூட அச்சடித்திருக்கிறார்கள்.
வண்டிக்கு அது குற்றம்.
விழுந்த இடத்தில் கொஞ்சம் இருக்க வேண்டும்.
பிறகு ஆற அமரத்
தன் உயரத்துக்கு வந்தால் போதும்.

ஸ்பிரிங் காலரை ஒரு சுற்று இறக்கினேன்.
டொம். டப்.
முப்பது வெயிட் எண்ணெயை வடித்துவிட்டு
முப்பத்தைந்து ஊற்றினேன்.
டொம். கொஞ்சம் யோசித்து, டப்.

நான்காம் இரவு கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு டெல்ஃபின்.
நகராட்சியின் பனி வழிக்கும் கிரேடர் ஓட்டுகிறவர்,
மூன்று மணிக்கு எழ வேண்டியவர்.
மன்னிப்புகளை நான் வரிசையாக அடுக்க,
என் தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்தார்.
"அங்கி" என்றார்.
(அங்கயற்கண்ணியில் அவருக்கு எட்டியது அவ்வளவுதான்.)
"பின்னால், இடது பக்கம்.
அது மட்டும் ஓர் இமைப்பு பிந்தி விழுகிறது.
நாலு நாளாகப் படுத்துக்கொண்டு கேட்கிறேன்."

கழற்றி அழுத்தினோம். சளக்.
உள்ளே காற்று.

குமிழி மேலே வரும்வரை
அவர் என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
கிரேடர் சீட்டுக்குக் கீழேயும்
இப்படி ஒன்று இருக்கிறதாம், பெரியது.
செத்து இரண்டு வருஷம்.
இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று.
சாலையில் இரும்பு மூடி வரும்போதெல்லாம்
தூக்கிவாரிப் போடுகிறது என்று
இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.
என்னிடம் இருந்த ஸ்பேனர்
ஐந்தரை மில்லிமீட்டர்.

சனிக்கிழமை, ஹாக்கி அரங்கின் பின்னால் பந்தயம்.
குளிரில் எண்ணெய் கூழாகிவிட்டது.
பனிமேட்டில் ஏறிய வண்டி
செங்கல்போல் இறங்கி, உருண்டு,
ஏழு பேரில் ஆறாவது.
ஏழாவது வண்டியில் பேட்டரி இல்லை.

வீட்டுக்கு வந்து இருபது வெயிட் ஊற்றினேன்.
இந்த முறை வண்டியை பால்கனியில் வைத்து
ஒரு மணி நேரம் விறைக்கவிட்டு,
உள்ளே எடுத்து வந்த சூட்டோடு,
சூடு என்ன சூடு, அந்தக் குளிரோடு,
கையை விட்டேன்.

டொம்.

காதை நீட்டிக் காத்திருந்தேன். வேறொன்றும் வரவில்லை.
கீழிருந்து துடைப்பக் கட்டையால்
கூரையில் ஒரே ஒரு தட்டு.
திட்டா, பாராட்டா, கேட்கவில்லை.

விடிகாலை மூன்றே முக்கால்.
மஞ்சள் விளக்கு சுவரில் சுழன்று போக
தெருமுனையில் கிரேடர் திரும்புகிறது.
அங்கே ஓர் இரும்பு மூடி இருக்கிறது.

டொம். டப்.