இடது தோள்

தோள்தான் என்று நினைத்தேன்.
அக்டோபர் மாதம் முழுக்க.

முந்நூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகள்,
தொண்ணூறு மைல் ஜல்லிச் சாலை,
என் சொந்தப் பழைய ஃபோர்டு பிக்கப்.
பெட்டிகள் சாலையின் வலது ஓரம்,
ஸ்டியரிங் வண்டியின் இடது ஓரம்.
நீள இருக்கையில் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து
இடது காலை நீட்டி பிரேக்,
இடது கையால் மட்டும் ஸ்டியரிங்,
வலது கையால் ஜன்னலுக்கு வெளியே
மின்சாரக் கட்டணம், விதைக் கம்பெனி விலைப்பட்டியல்,
யாருக்கோ மூட்டுவலி மாத்திரை.
பதினாறு வருஷமாக வடக்கு டகோட்டாவை
ஒருக்களித்தே பார்த்து வருகிறேன்.

கிளினிக்கில் கையைத் தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன், காது வரைக்கும்.
ஐம்பத்தெட்டில் இதெல்லாம் வரும் என்றார்கள்.
ஒரு களிம்பு, ஒரு ரப்பர் பட்டை,
விரல்களால் சுவர் ஏறும் பயிற்சி தினம் இருபது தடவை.
ஏறினேன்.
மூலையில் இருந்த நிஜச் சிலந்தி
மூன்றாம் நாள் இடம் மாறிக்கொண்டது.

நவம்பரில் காய்ச்சல். இரண்டு நாள்
மார்வின் ஸ்கார் எனக்குப் பதிலாகப் போனான்.
சாவியைத் திருப்பித் தரும்போது கேட்டான்:
"ஆர்லிஸ், இந்த வண்டியை நீ ஓட்டுகிறாயா,
உழுகிறாயா?"

பதில் சொல்லவில்லை.
களிம்பு வாடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கொட்டகையில் பானெட்டைத் தூக்கினோம்.
எண்ணெய் சிவப்பாக, குறி வரைக்கும் இருந்தது.
நுரை இல்லை. நுரைத்திருந்தால்
எங்கோ ஒரு குழாய் காற்றைக் குடிக்கிறது
என்று அர்த்தமாம்.
கருகல் வாடை இல்லை. கீழே ஒரு சொட்டும் இல்லை.
பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான்,
முலாம்பழம் வாங்குகிறவனைப் போல.
அதுவும் சரி.
பிறகு ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தான்.
முனகியது.
"பம்ப்" என்றான்.

அப்படி முட்டுக்கொடுத்துப் பிடித்தால்
எந்தப் பம்பும் முனகும் என்பது எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய இரும்புக் கடையில் நாற்பத்தைந்து டாலர்.
கப்பியைக் கழற்றும் கருவி இரவல்.
ஒரு சனிக்கிழமை, இரண்டு விரல் நகம்.
மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி,
ஏறி உட்கார்ந்து திருப்பினேன்.

அதே கனம்.

மார்வின் அலமாரிப் பக்கம் திரும்பி
வேண்டாத போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்தான்.
வண்டி முன்பக்கம் ஸ்டாண்டின்மேல்
ஏற்கெனவே தூக்கித்தான் இருந்தது.
என்ஜினை அணைத்தேன்.
இப்போது பம்ப் இல்லை, எண்ணெயின் உந்தல் இல்லை,
டயருக்கடியில் தரையும் இல்லை.
மெதுவாகத் திருப்பினேன்.
இறுகியது. இளகியது. இறுகியது. இளகியது.
ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு இறுக்கம்,
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.
இதே கணக்கைத்தான்
ஒவ்வொரு பெட்டி அருகிலும்
என் தோள் போட்டிருக்கிறது.
நான்தான் அதற்குக் களிம்பு தடவியிருக்கிறேன்.

"பம்புக்குத் தாளம் கிடையாது, மார்வின்."

டார்ச்சோடு அடியில் படுத்தோம்.
ஸ்டியரிங்கிலிருந்து பெட்டிக்கு இறங்கும் தண்டு,
நடுவே மடங்கிக்கொடுக்க வேண்டிய இணைப்பு,
பதினாறு குளிர்காலத்துச் சாலை உப்பு தின்று
இலவங்கப்பட்டை நிறத்தில் பிடித்துக்கொண்டு கிடந்தது.
துரு எண்ணெயைப் பீய்ச்சினோம்.
திருப்பினோம். பீய்ச்சினோம்.
இரவு பத்தரைக்கு அது
கிறீச் என்று ஒரு வார்த்தை பேசி விட்டுக்கொடுத்தது.
வேறு தண்டு வரும்வரை தாங்கும் என்றான்.

கழற்றிய பம்ப் அவன் அலமாரியில் இருக்கிறது.
நல்ல பம்ப். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திங்கட்கிழமை, நாற்பத்தொன்றாவது பெட்டி,
நைகார்டு வீடு.
கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
பழைய பலத்தோடு இழுத்தது,
வண்டி பழக்கமில்லாத பணிவோடு உடனே திரும்பியது,
கம்பத்தோடு பெட்டி பள்ளத்தில் சாய்ந்தது.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன்,
விலைப்பட்டியல் ஒன்றின் பின்பக்கம்.
அதைப் போடக் குனிந்தபோது கவனித்தேன்:
படுத்த பெட்டியிலும் சிவப்புக் கொடி ஏறியே இருந்தது,
எடுத்துப்போக ஏதோ இருக்கிறது என்று.

இருந்தது. நிலவரி, உரிய தபால்தலையோடு.
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.